நாற்காலி காலியாகும் முன்னே: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அடுத்த பயிற்சியாளர் எப்படி முடிவாகிறார்?

2009 டிசம்பர் 1 அன்று, ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளர் பாபி பௌடன் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 80. 34 சீசன்கள் அதே பதவியில் இருந்தவர். இரண்டு முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். அவர் பெயரில் மைதானம் இருக்கிறது, வாசலில் சிலை இருக்கிறது. இன்னும் ஓராண்டு பயிற்சி அளிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை வெளிப்படையாகச் சொல்லியும் வந்தார். முந்தின நாள் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் அவரைச் சந்தித்தார்கள். பெயருக்கு ஒரு கௌரவப் பொறுப்போடு, களத்தில் எந்த வேலையும் இல்லாமல் இருக்கலாம், இல்லையென்றால் ஓய்வு பெறலாம் என்றார்கள். மறுநாள் அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இவ்வளவு பெரிய மனிதரை யாரால் இப்படி அனுப்ப முடிந்தது? அவருக்கு அடுத்தவர் யார் என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எப்படி முடிவானது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பயிற்சியாளர் போய் இன்னொருவர் வரும்போது திரைக்குப் பின்னால் நடப்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. நீள்உருண்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், மோதித் தடுப்பதுமான அமெரிக்க ஃபுட்பால். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள்தான், ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே ஆட்டத்துக்கு 80,000, ஒரு லட்சம் பேர் வந்து உட்காருவார்கள். தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்ல, மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர். அந்த நாற்காலிக்கு அரசியல் இல்லாமல் இருக்குமா?

காகிதத்தில் பார்த்தால் விஷயம் எளிது. விளையாட்டுத் துறை இயக்குநர், அதாவது அத்லெடிக் டைரக்டர், பயிற்சியாளரை நியமிக்கிறார். அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைவர். தலைவருக்கு மேலே அறங்காவலர் குழு. நடைமுறையில் இவர்களோடு இன்னும் இரண்டு தரப்பு சேர்ந்துகொள்கிறது.

ஒன்று, பூஸ்டர்கள். பழைய மாணவர்களாகவும் உள்ளூர்த் தொழிலதிபர்களாகவும் இருக்கும் பெருந்தொகை நன்கொடையாளர்கள் இவர்கள். பல இடங்களில் இவர்களுடைய அமைப்பு பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தனி நிறுவனமாக இயங்கும். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் அதன் பெயர் செமினோல் பூஸ்டர்ஸ். பயிற்சியாளரின் சம்பளத்தில் ஒரு பங்கும், அவரை இடையில் அனுப்பினால் தர வேண்டிய இழப்பீடும் இத்தகைய பைகளிலிருந்து வருவது வழக்கம். அந்த இழப்பீட்டைத்தான் 'பைஅவுட்' என்கிறார்கள். ஒருவரை நீக்க முடியுமா என்ற கேள்வி, அந்தப் பைஅவுட் பணத்துக்கு யார் காசோலை எழுதுவார் என்ற கேள்வியாக மாறுவது இதனால்தான். எழுதுபவரின் பேச்சு எடுபடும்.

இன்னொன்று, ஏஜென்ட்கள். பதவியில் இருக்கும் ஒருவரை இன்னொரு பல்கலைக்கழகம் நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுவது அபூர்வம். அவருடைய ஏஜென்டைக் கூப்பிடும். ஆகவே "என்னிடம் யாரும் பேசவில்லை" என்று பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் சொல்லும்போது, பல நேரம் அது சொல்லுக்குச் சொல் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2006 டிசம்பரில், மியாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், தான் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போகப் போவதில்லை என்று கேமராக்களுக்கு முன்னால் அறுதியிட்டுச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அலபாமாவின் பயிற்சியாளர் ஆகிவிட்டார். ஜிம்மி செக்ஸ்டன் என்ற ஏஜென்டிடம் சேபனும் இருந்தார், நாம் இங்கே பார்க்கப்போகும் ஜிம்போ ஃபிஷரும் இருந்தார். ஒரே ஏஜென்டின் கையில் வேலை தேடுபவரும் இருப்பார், வேலையில் இருப்பவரும் இருப்பார். எந்த நாற்காலி எப்போது ஆடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

சரி, அடுத்தவரை ஏன் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்? பதவி காலியானதும் தேடிக்கொள்ளக் கூடாதா?

காரணம் மாணவர் சேர்க்கை. பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கும் நல்ல ஆட்டக்காரனைத் தேடி ஏழெட்டுப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் அவன் வீட்டுக்கே வருவார்கள். அவனும் அவன் அம்மாவும் கேட்கும் முதல் கேள்வி, "நான் படிப்பு முடிக்கும்வரை நீங்கள் அங்கே இருப்பீர்களா?" என்பதுதான். பயிற்சியாளருக்கு 78 வயது என்றால் போட்டிப் பல்கலைக்கழகத்துக்காரர் அந்த வயதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார். இதற்கு ஒரே பதில், "அவர் போனால் இவர் வருவார், இதோ இங்கேயே இருக்கிறார்" என்று ஒருவரைக் கைகாட்டுவது. அப்படி அறிவிக்கப்படுபவரை அங்கே 'கோச்-இன்-வெயிட்டிங்' என்பார்கள். நாம் வாரிசு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. திறமையான உதவிப் பயிற்சியாளரை மற்றப் பல்கலைக்கழகங்கள் தூக்கிக்கொண்டு போகாமல் தடுக்க, வாரிசுப் பட்டத்தைவிட நல்ல பூட்டு இல்லை.

இப்போது பௌடன் கதைக்கு வருவோம். 1987-லிருந்து 2000 வரை 14 ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஒவ்வோர் ஆண்டும் பத்து ஆட்டங்களாவது வென்று நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் முடித்தவர் அவர். அதற்கு அப்புறம் சரிவு. 2001-லிருந்து தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிட்டவர் அவருடைய மகன் ஜெஃப் பௌடன். மகனை அப்பாவால் நீக்க முடியவில்லை, மற்றவர்களுக்கும் அப்பாவிடம் அதைச் சொல்லத் துணிவில்லை. 2006 நவம்பரில் சொந்த மைதானத்தில் வேக் ஃபாரஸ்ட் அணியிடம் 30-0 என்று தோற்ற சில நாட்களில் ஜெஃப் ராஜினாமா செய்தார். அவருக்குப் போன இழப்பீட்டில் பூஸ்டர் பணமும் இருந்தது. பெரிய பௌடனைத் தொடாமல் சின்ன பௌடனை அனுப்ப ஒரு வழி கிடைத்தது. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் கடைசிச் சொல் பௌடனுடையதாக இருக்கவில்லை என்பதே என் கணிப்பு.

ஜெஃபின் இடத்துக்கு வந்தவர் ஜிம்போ ஃபிஷர். எல்எஸ்யூ என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நிக் சேபனிடம் வேலை பார்த்தவர். ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் டாலஹாசி நகரத்துக்கு அவர் வந்த கதையே இந்த அரசியலுக்கு நல்ல பாடம். 2006 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் உள்ள யூஏபி பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. யூஏபி, அலபாமா பல்கலைக்கழக அமைப்பின் கீழ் வருவது. அந்த அமைப்பின் அறங்காவலர் குழு முட்டுக்கட்டை போட, ஒப்பந்தம் நின்றது. தன்னை நேரில் பார்த்துப் பேசிய யூஏபி நிர்வாகம் விரும்பியும், மேலே இருந்த ஒரு குழு வேண்டாம் என்றதால் அவர் வேலை கைநழுவியது. அந்த மனிதர்தான் அடுத்த மாதம் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார்.

அவர் அந்நியரும் அல்லர். பௌடனின் இன்னொரு மகன் டெரி பௌடன் பயிற்சியளித்த அணியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக ஆடியவர், பிறகு ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் டெரியிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அந்தக் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர் என்பதால் பௌடனுக்கும் மறுக்கக் காரணம் இல்லை. வந்து ஓராண்டு முடியவில்லை, 2007 டிசம்பரில் ஃபிஷர் வாரிசாக அறிவிக்கப்பட்டார்.

இந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பௌடன் எப்போது போவார் என்று எங்கேயும் தேதி இல்லை. அவருடைய மரியாதைக்காக அதைத் திறந்தே விட்டிருந்தார்கள். ஆனால் ஃபிஷரின் பக்கம் தேதி இருந்தது: 2011 ஜனவரிக்குள் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்காவிட்டால் பல மில்லியன் டாலர் அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆக, பௌடனின் ஓய்வுக்கு நாள் குறித்தது அந்த ஷரத்துதான், பௌடன் அல்ல. வாரிசு ஒப்பந்தம் எதையாவது செய்தியில் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். சம்பளம் எவ்வளவு என்பது அப்புறம். காலக்கெடு இருக்கிறதா, அது யாருக்கு எதிராக ஓடுகிறது?

அறிவிப்புக்குப் பிறகு அலுவலகத்துக்குள் என்ன ஆகும் என்பதை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. உதவிப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக ஓரிரு ஆண்டுகளுக்கானவை. தலைமை மாறினால் புதியவர் தன் ஆட்களோடு வருவார். பழையவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு, பிள்ளைகளைப் பள்ளி மாற்றிக்கொண்டு வேறு மாநிலம் போக வேண்டியதுதான். எனவே வாரிசு பெயர் வெளியானதும் ஒவ்வோர் உதவியாளரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார்: எனக்கு மேலதிகாரி இன்று சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுபவரா, நாளை போடப்போகிறவரா? பட்டம் மருமகளுக்கு, சாவிக்கொத்து மாமியாரிடம் என்ற வீட்டில் சமையல்கட்டு எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த அலுவலகமும் இருக்கும். தாக்குதல் பிரிவு முழுக்க ஃபிஷரின் பக்கம். தற்காப்புப் பிரிவோ 1984-லிருந்து மிக்கி ஆண்ட்ரூஸ் என்ற பௌடனின் பழைய தளபதியின் கையில். ஒரே அணியில் இரண்டு காலங்கள் அக்கம்பக்கமாக நடந்துகொண்டிருந்தன.

2009 சீசன் மோசமாகத் தொடங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் பாஸ்டன் காலேஜிடம் தோற்றபோது அணி இரண்டில் வெற்றி, மூன்றில் தோல்வி. அறங்காவலர் குழுத் தலைவர் ஜிம் ஸ்மித் உள்ளூர் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். இந்த ஆண்டோடு பௌடன் காலம் முடிய வேண்டும் என்பது தன் விருப்பம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஸ்மித் சாதாரண ஆள் அல்லர். ஃப்ளோரிடா மாநிலத்தின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். அந்தக் குழுவின் உறுப்பினர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களை ஆளுநர் நேரடியாக நியமிக்கிறார். பல்கலைக்கழகத் தலைவர் டி.கே. வெதரெலும் அரசியலிலிருந்து வந்தவர்தான். மாநில மக்களவையின் சபாநாயகராக இருந்தவர். இளமையில் அதே பல்கலைக்கழக அணியில் ஆடியவர், அப்போது பௌடன் அங்கே உதவிப் பயிற்சியாளர். தன் பழைய பயிற்சியாளரிடம் போய் "போதும்" என்று சொல்லும் வேலை வெதரெலுக்கு வாய்த்தது. நவம்பர் 28 அன்று பரம எதிரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியிடம் 37-10 என்று தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்தச் சந்திப்பு.

அறங்காவலர் குழுத் தலைவரின் பேட்டியை நான் ஏற்கவில்லை. முடிவு சரியாக இருக்கலாம். 2006-க்குப் பிறகு அந்த அணி நடுத்தர அணியாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் சீசனின் நடுவில், ஆட்டக்காரர்கள் அடுத்த வாரம் களமிறங்க இருக்கும்போது, நாளிதழ் வழியாகச் சொன்னது அந்த 80 வயதுக்காரருக்கும் மாணவர்களுக்கும் செய்த அநியாயம். நேரில் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லாத இடங்களில் செய்தித்தாள்தான் தூது போகிறது.

பௌடனின் கடைசி ஆட்டம் 2010 ஜனவரி 1 அன்று, சீசன் முடிந்தபின் நடக்கும் கேட்டர் போல் என்ற ஆட்டம். எதிரணி, அவர் 1970-களில் பயிற்சியளித்த வெஸ்ட் வர்ஜீனியா. 33-21 என்று வென்று, வீரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போக, விடைபெற்றார். ஃபிஷர் பொறுப்பேற்று நான்காவது சீசனிலேயே தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றார். ஆகவே விளைவை மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டை வெற்றி என்பார்கள். ஆடுகளத்தைப் பொறுத்தவரை நானும் அதை மறுக்கவில்லை.

மற்ற இடங்களில் விளைவுகூட இப்படி அமையவில்லை.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் 2008 நவம்பரில் தலைமைப் பயிற்சியாளர் மேக் பிரவுனுக்கு அடுத்தவர் அவருடைய உதவியாளர் வில் மஸ்சாம்ப் என்று அறிவித்தது. மஸ்சாம்பின் சம்பளம் ஏறத்தாழ இரட்டிப்பாகி 9 லட்சம் டாலர் ஆனது. ஆனால் பிரவுன் எப்போது போவார் என்று ஒருவரும் சொல்லவில்லை. 2010-ல் டெக்ஸாஸ் 5-7 என்று, அதாவது ஐந்தில் வெற்றி, ஏழில் தோல்வி என்று சரிந்த அதே டிசம்பரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அர்பன் மேயர் விலகினார். காத்திருந்து அலுத்த மஸ்சாம்ப் சில நாட்களுக்குள் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். பிரவுன் 2013 முடியும்வரை இருந்தார்.

மேரிலாந்தில் வேறு மாதிரி. 2009 தொடக்கத்தில் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை வாரிசாக்கியவர் இயக்குநர் டெபி யோ. 2012 ஜனவரிக்குள் பதவி தராவிட்டால் பத்து லட்சம் டாலர் என்பது ஒப்பந்தம். ஆனால் யோ அடுத்த ஆண்டே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வாக்கு கொடுத்தவர் போனால் வாக்குக்கு யார் பொறுப்பு? புதிய இயக்குநருக்கு அந்த வாரிசு மீது தனிப்பட்ட பிடிப்பு எதுவும் இல்லை. 2010 டிசம்பரில் ஃப்ராங்க்ளின் வாண்டர்பில்ட்டுக்குக் கிளம்பினார். அதே மாதம், அந்த ஆண்டின் ஏசிசி லீகின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வாகியிருந்த தலைமைப் பயிற்சியாளர் ரால்ஃப் ஃப்ரீஜனுக்கும் பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாரிசும் இல்லை, இருந்தவரும் இல்லை. அடுத்த சீசன் 2-10.

மிகவும் வேதனையானது வெஸ்ட் வர்ஜீனியாவில் நடந்தது. தலைமைப் பயிற்சியாளர் பில் ஸ்டூவர்ட் மூன்று ஆண்டும் 9-4 என்று முடித்தவர். மோசமான கணக்கு அல்ல. ஆனால் புதிதாக வந்த இயக்குநர் ஆலிவர் லக்குக்கு அது போதவில்லை. 2010 டிசம்பரில் டேனா ஹோல்கர்சனை வெளியிலிருந்து கொண்டுவந்தார். 2011-ல் அவர் ஸ்டூவர்ட்டின் கீழே வேலை பார்ப்பார், 2012-ல் ஸ்டூவர்ட்டின் நாற்காலிக்கு வருவார் என்பது திட்டம். தன்னை வெளியேற்ற வந்தவரோடு ஒரு மனிதர் ஓராண்டு அடுத்தடுத்த அறையில் உட்கார வேண்டும். 2011 கோடையில், ஹோல்கர்சனைப் பற்றி மோசமான செய்திகளைத் தேடித் தரும்படி ஸ்டூவர்ட் தன்னிடம் கேட்டதாக ஒரு முன்னாள் நிருபர் குற்றம் சாட்டினார். பல்கலைக்கழகம் விசாரணையைத் தொடங்க, ஜூன் 10 அன்று ஸ்டூவர்ட் ராஜினாமா செய்தார். ஓராண்டுக்குள் இறந்தும் போனார். அவர் செய்தாரா இல்லையா என்பதைவிட, இரண்டு பேரையும் அப்படி ஒரு நிலையில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

இதற்கு நேர்மாறாக விஸ்கான்சின். 2005 ஜூலையில் பாரி அல்வரெஸ் தானே அறிவித்தார்: இந்த சீசனோடு நான் விலகுகிறேன், அடுத்தவர் பிரெட் பீலமா. தேதி உறுதி. தேர்ந்தெடுத்தவர் போகிறவரே. தவிர, அல்வரெஸ் அப்போதே விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்தார். பதவியை விட்டாலும் அதிகாரத்தை விடவில்லை, அதனால் அவருக்கு இழப்பும் இல்லை, பயமும் இல்லை. பீலமாவின் முதல் சீசன் 12-1. ஓரிகானிலும் கிட்டத்தட்ட இதே வழிதான்: மைக் பெலாட்டி இயக்குநர் ஆனார், சிப் கெல்லி பயிற்சியாளர் ஆனார். போகிறவருக்கு உட்கார உண்மையான இன்னொரு நாற்காலி இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. பௌடனுக்கு நீட்டப்பட்டது அப்படிப்பட்ட நாற்காலி அல்ல.

வாரிசை அறிவிக்காமல் ரகசியமாகத் தேடினால்? அதற்கு ஆபர்ன் சாட்சி. 2003 நவம்பரில், அலபாமாவுடன் ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டுத் துறை இயக்குநர், இரண்டு அறங்காவலர்கள் எல்லோரும் ஒரு தனி விமானத்தில் லூயிவில் பக்கம் பறந்தார்கள். விமானம், அறங்காவலரும் பெரிய பூஸ்டருமான வங்கியாளர் பாபி லௌடரின் நிறுவனத்துடையது. போனது, லூயிவில் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவிடம் ரகசியமாக வேலை பேச. அந்த வேலையில் அப்போது இருந்தவர் டாமி டூபர்வில். பெட்ரினோ முந்தின ஆண்டு அவரிடமே உதவியாளராக இருந்தவர். டூபர்வில்லுக்கு இதெல்லாம் தெரியாது. சனிக்கிழமை அவர் அணி அலபாமாவை 28-23 என்று வென்றது. சில நாட்களில் பயண விவரம் செய்தியில் வந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், டூபர்வில் பதவி நிலைத்தது, பல்கலைக்கழகத் தலைவர்தான் ஜனவரியில் ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு டூபர்வில்லின் அணி 13 ஆட்டங்களிலும் வென்றது. இன்று அவர் அமெரிக்க செனட்டர்.

வாரிசு அறிவிப்புக்கு 2010-க்குப் பிறகு மவுசு குறைந்தது. வெளிப்படையான தேடல் நடக்காததால் கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு வாய்ப்பே இல்லாமல் கதவு மூடப்படுகிறது என்ற நியாயமான எதிர்ப்பும் இருந்தது. அதன் இடத்தைப் பிடித்தது பெரிய பைஅவுட். ஃபிஷரே இதற்கு எடுத்துக்காட்டு. அவ்வளவு காத்திருந்து பெற்ற நாற்காலியை, 2017 டிசம்பரில் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் விட்டுவிட்டு, பத்து ஆண்டுக்கு 75 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்முக்குப் போனார். 2023 நவம்பரில் அங்கே அவரை நீக்கினார்கள். தர ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 76 மில்லியன் டாலர்.

இப்போது அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் எளிதாகப் பல்கலைக்கழகம் மாறலாம் என்பதால், பயிற்சியாளர் போன நாளிலிருந்து அணியே கரையத் தொடங்கும். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவில் நிக் சேபன் ஓய்வை அறிவித்தபோது, அப்போதைய விதிப்படி அந்த அணியின் ஆட்டக்காரர்கள் மாறுவதற்கு 30 நாள் அவகாசம் திறந்தது. அலபாமா இரண்டே நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோரைப் பிடித்தது. அவர் அந்த வாரத் திங்கட்கிழமைதான் தேசிய இறுதி ஆட்டத்தில் தன் அணியோடு நின்றவர். வாஷிங்டன் அடுத்த இரண்டு நாளில் அரிசோனாவின் ஜெட் ஃபிஷ்ஷை எடுத்தது. அரிசோனா சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரென்னனை எடுத்தது. சான் ஹோசே, கடற்படைக் கல்லூரி அணியான நேவியில் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்த கென் நியுமடலோலோவிடம் போனது. அலபாமாவில் ஒருவர் எழுந்ததற்கு, ஒரே மாதத்துக்குள் மூன்று மாநிலங்களில் இன்னும் மூன்று நாற்காலிகள் கைமாறின. ஒவ்வோர் இடத்திலும் ஆட்டக்காரர்களுக்கு அதே 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கியது.